ஜெர்மனியில் முதுநிலைப் படிப்பு: எட்டக்கூடிய பல்கலைக்கழகங்களைத் தேர்ந்தெடுக்கும் முறை

பொறியியல் அல்லது அறிவியல் பட்டம் முடித்துவிட்டு ஜெர்மனியில் ஆங்கிலவழி முதுநிலைப் படிப்பில் சேர விரும்பும் தமிழ்நாட்டு மாணவர்களுக்காகவும், அதற்குப் பணம் புரட்டப்போகும் பெற்றோருக்காகவும் இதை எழுதுகிறேன். என் தங்கைக்காக இந்த வேலைகளைத் தொடக்கம் முதல் விசா வரை கூட இருந்து பார்த்தேன். அப்போது எங்களுக்குக் கிடைத்த அறிவுரைகள் பெரும்பாலும் ‘எந்தப் பல்கலைக்கழகம் நல்ல பல்கலைக்கழகம்’ என்ற கேள்வியிலேயே தொடங்கின. அது கடைசியாகக் கேட்கவேண்டிய கேள்வி. உங்கள் மதிப்பெண், நீங்கள் படித்த பாடங்கள், குடும்பத்தால் திரட்ட முடிந்த பணம், கையில் இருக்கும் மாதங்கள் ஆகிய நான்கையும் வைத்து ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் மிஞ்சுவதுதான் உங்கள் பட்டியல். தரவரிசையை அந்தப் பட்டியலுக்குள் வைத்துப் பார்த்தால் போதும்.

பிளஸ் 2 முடித்தவுடன் இளநிலைப் படிப்புக்குச் செல்ல நினைப்பவர்களின் பாதை வேறு. ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வில் தேர்ச்சி பெற்றவர்களும், இந்தியாவில் அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தில் முதலாண்டை வெற்றிகரமாக முடித்தவர்களும் தங்கள் துறையில் நேரடியாக விண்ணப்பிக்கலாம். மற்றவர்கள் ‘ஸ்டூடியன்கோலெக்’ எனப்படும் ஓராண்டு ஆயத்தப் படிப்பை ஜெர்மன் மொழியில் முடிக்கவேண்டும். அரசுப் பல்கலைக்கழகங்களின் இளநிலை வகுப்புகளும் பெரும்பாலும் ஜெர்மன் மொழியிலேயே நடக்கின்றன. எனவே ஒரு குடும்பம் மொழிக்காகத் தனியே காலம் ஒதுக்கத் தயாராக இல்லையென்றால், இங்கே பட்டம் முடித்துவிட்டு முதுநிலைக்குப் போவதே நடைமுறைக்கு ஒத்த வழி. இனி வருவதெல்லாம் முதுநிலை பற்றியது.

1. உங்கள் சி.ஜி.பி.ஏ.வை ஜெர்மன் மதிப்பெண்ணாக மாற்றுங்கள்

ஜெர்மனியில் 1.0 என்பது மிகச் சிறந்த மதிப்பெண், 4.0 என்பது தேர்ச்சிக்கான கடைசி எல்லை. நம் மதிப்பெண்ணை அந்த அளவுக்கு மாற்ற ‘பவேரியன் ஃபார்முலா’ என்ற கணக்கைப் பயன்படுத்துகிறார்கள். பெறக்கூடிய உச்ச மதிப்பெண்ணிலிருந்து நீங்கள் பெற்றதைக் கழியுங்கள். அந்த விடையை, உச்ச மதிப்பெண்ணுக்கும் குறைந்தபட்சத் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1-ஐக் கூட்டுங்கள்.

உச்சம் 10, குறைந்தபட்சத் தேர்ச்சி 5 என்று வைத்தால் 8.5 பெற்றவருக்கு 1.9, 8.0 பெற்றவருக்கு 2.2, 7.5 பெற்றவருக்கு 2.5, 7.0 பெற்றவருக்கு 2.8, 6.5 பெற்றவருக்கு 3.1 வரும். குறைந்தபட்சத் தேர்ச்சி 6 என்று வைத்தால் அதே 8.0 பெற்றவர் 2.5-க்கு இறங்கிவிடுவார், 7.0 பெற்றவர் 3.2-ஐத் தாண்டிவிடுவார். பலர் கவனிக்காத இடம் இதுதான். அண்ணா பல்கலைக்கழகத்திலேயே ரெகுலேஷன் மாறும்போது தேர்ச்சிக்கான மிகக் குறைந்த கிரேடு புள்ளியும் மாறியிருக்கிறது. தன்னாட்சிக் கல்லூரிகளும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் தங்களுக்கென்று தனி அளவுகளை வைத்திருக்கின்றன. உங்கள் மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் கிரேடு அட்டவணையைப் பார்த்து, தேர்ச்சி பெற்ற கிரேடுகளில் கடைசியில் இருக்கும் எண்ணைக் கணக்கில் போடுங்கள். சீனியருக்கு வந்த விடையை உங்களுடையதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இந்த எண் கிடைத்ததும் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ‘2.5 அல்லது அதைவிடச் சிறந்தது’ என்று எல்லை வைக்கும் படிப்புகள் ஏராளம். உங்கள் எண் 2.8 என்றால் அந்தப் படிப்புக்கு விண்ணப்பிப்பது வெறும் கட்டணச் செலவு. ஏன் இந்தப் படிப்பு என்று விளக்கி எழுதும் நோக்க அறிக்கை எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த எல்லை தளராது. எல்லை எதுவும் எழுதாத படிப்புகளிலும், விண்ணப்பதாரர்களைத் தரவரிசைப்படுத்தி இடம் தரும் படிப்புகளில் 2.5-ஐவிடப் பெரிய எண் உள்ளவர்களுக்கு வாய்ப்பு மெலிவுதான். இடக் கட்டுப்பாடு இல்லாமல், தகுதி உள்ள எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் படிப்புகளும் அங்கே உண்டு. 2.6 முதல் 3.0 வரை உள்ளவர்கள் தங்கள் நேரத்தை அந்த வகைப் படிப்புகளைத் தேடுவதில் செலவிடவேண்டும்.

அரியர் வைத்திருந்தவர்கள் அதை மறைக்க முயலவேண்டாம். பருவவாரியான மதிப்பெண் பட்டியல்கள் அனைத்தும் கேட்கப்படும். ஒன்றை விட்டுவிட்டு அனுப்பினால் கேள்வி வரும், அதற்குள் மாதங்கள் போய்விடும்.

2. படித்த பாடங்கள் பொருந்துகின்றனவா என்று பாருங்கள்

மதிப்பெண் நன்றாக இருந்தும் நிராகரிக்கப்படுபவர்களில் பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இது. ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் பட்டத்தின் பெயரைவிட, அதற்குள் எந்தப் பாடத்துக்கு எத்தனை கிரெடிட் என்பதையே பார்க்கின்றன. அங்கே அளவு இ.சி.டி.எஸ்.; ஓர் ஆண்டு முழுநேரப் படிப்பு 60 இ.சி.டி.எஸ். கணிதத்தில் இத்தனை, நிரலாக்கத்தில் இத்தனை, மின்னியலில் இத்தனை என்று ஒவ்வொரு படிப்பின் சேர்க்கை விதிகளிலும் எழுதியிருக்கும்.

நம் கிரெடிட்டும் அவர்களுடைய இ.சி.டி.எஸ்.ஸும் ஒன்றல்ல. தோராயமாகக் கணக்கிட, நான்காண்டுப் பட்டத்தின் மொத்தத்தை 240 என்று வைத்து விகிதம் போடலாம். உங்கள் பட்டத்தின் மொத்தக் கிரெடிட் 165, அதில் கணிதம் 20 என்றால், கணிதத்துக்கு ஏறத்தாழ 29 இ.சி.டி.எஸ். வரும். இறுதி முடிவு அந்தத் துறையின் தேர்வுக் குழுவுடையது. அவர்கள் இதைவிடக் குறைத்தும் மதிப்பிடலாம். அதனால் எல்லையைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் படிப்புகளை மட்டும் நம்பிப் பட்டியல் போடாதீர்கள்.

மெக்கானிக்கல் முடித்தவர் டேட்டா சயின்ஸுக்கும், சிவில் முடித்தவர் கணினி அறிவியலுக்கும் மாற நினைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. இணையவழிப் பயிற்சிச் சான்றிதழ்கள் பத்து வைத்திருந்தாலும் அவை கிரெடிட்டாக எண்ணப்படுவதில்லை. மெக்கானிக்கல் மாணவருக்குக் கணிப்பொறியியல் சார்ந்த பொறியியல், மெக்கட்ரானிக்ஸ், உற்பத்தித் தொழில்நுட்பம், ஆற்றல் பொறியியல் போன்றவை எட்டக்கூடிய தூரத்தில் இருக்கின்றன; அங்கே போய் விருப்பப் பாடங்கள் வழியாக மென்பொருள் பக்கம் நகர்ந்தவர்கள் நிறையப் பேர். மூன்றாண்டு பி.எஸ்ஸி., பி.சி.ஏ. முடித்தவர்கள் இன்னொன்றைப் பார்க்கவேண்டும்: சில படிப்புகள் 180 இ.சி.டி.எஸ். போதும் என்கின்றன, சில 210 கேட்கின்றன. 210 கேட்கும் இடத்தில் மூன்றாண்டுப் பட்டம் பொதுவாகப் போதாது.

உங்கள் கல்லூரிப் பாடத்திட்டப் புத்தகத்தை இப்போதே தேடி எடுத்துவையுங்கள். ஒவ்வொரு பாடத்தின் அலகுகளும் மணிநேரங்களும் அதில் இருக்கும். பல இடங்களில் அதையே பாட விளக்கமாகக் கேட்கிறார்கள்; கல்லூரி முத்திரையோடு கேட்பவர்களும் உண்டு.

3. பணத்தைக் கணக்கிடுங்கள்

‘ஜெர்மனியில் படிப்பு இலவசம்’ என்பது பாதி உண்மை. பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகங்கள் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. பருவத்துக்கு ஏறத்தாழ 100 முதல் 400 யூரோ வரை பருவப் பங்களிப்பு மட்டும் கட்டவேண்டும். விதிவிலக்குகளைத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ, ஹைடல்பெர்க், ஃப்ரைபர்க் ஆகியவை இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் 2017 குளிர்காலப் பருவம் முதல் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து முதுநிலைப் படிப்புகளுக்குப் பருவத்துக்கு 4,000 அல்லது 6,000 யூரோ வாங்குகிறது. நான்கு பருவங்களுக்குப் பெருக்கிப் பார்த்தால் அது எந்த அளவில் நிற்கிறது என்று தெரியும்.

இன்னொரு பொறி, அரசுப் பல்கலைக்கழகங்களுக்குள்ளேயே இருக்கிறது. ‘வைட்டர்பில்டென்ட்’ என்று குறிக்கப்பட்ட முதுநிலைப் படிப்புகள் பணி அனுபவம் உள்ளவர்களுக்கானவை. அவற்றுக்குத் தனிக் கட்டணம் உண்டு, பெரும்பாலும் அது பெரிய தொகை. ‘கான்செகுட்டிவ்’ என்று குறித்திருப்பதுதான் இளநிலையின் தொடர்ச்சியாக அமைந்த வழக்கமான முதுநிலை.

பெரிய செலவு வாழ்க்கைச் செலவு. விசாவுக்கு, முடக்கப்பட்ட கணக்கு எனப்படும் பிளாக்டு அக்கவுண்ட்டில் ஓர் ஆண்டுக்கான தொகையை முன்கூட்டியே போட்டுக் காட்டவேண்டும். 2024 செப்டம்பர் முதல் அந்தத் தொகை 11,904 யூரோ, அதாவது மாதம் 992 யூரோ. யூரோவை 100 ரூபாய் என்று வைத்தால் ஏறத்தாழ 12 லட்சம் ரூபாய். நாணய மாற்று விகிதம் ஏறிக்கொண்டிருக்கும் காலத்தில் இதற்கு ஒரு லட்சம் கூடுதலாக ஒதுக்குங்கள். இது உங்கள் பணம்தான். அங்கே போனபின் மாதாமாதம் 992 யூரோவாக உங்களுக்கே திரும்ப வரும். ஆனால் முழுத் தொகையும் புறப்படுவதற்கு முன்பே ஒரே சமயத்தில் வேண்டும். அதுவும் முதலாண்டுக்கு மட்டும். இரண்டாம் ஆண்டில் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கும்போது மீண்டும் பணம் காட்டவேண்டியிருக்கும்.

992 யூரோ போதுமா என்பது ஊரைப் பொறுத்தது. மியூனிக்கில் பகிர்ந்து தங்கும் ஓர் அறைக்கே அதில் பெரும்பகுதி போய்விடும். கெம்னிட்ஸ், மாக்டெபர்க், இல்மெனாவ், காட்புஸ், கைசர்ஸ்லாட்டர்ன், சீகன் போன்ற ஊர்களில் வாடகை கணிசமாகக் குறைவு. முப்பது வயதுக்கு உட்பட்ட மாணவருக்கான பொது மருத்துவக் காப்பீடு மாதம் 140 யூரோவை ஒட்டி வரும்; முப்பது தாண்டியவர்களுக்கு இந்த மாணவர் சலுகை கிடையாது என்பதால், பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுப் போகிறவர்கள் இதைத் தனியே விசாரிக்கவேண்டும். ஒளிபரப்புக் கட்டணம் என்று வீடு ஒன்றுக்கு மாதம் 18.36 யூரோ உண்டு. ஒரே வீட்டில் இருப்பவர்கள் பங்கிட்டுக்கொள்ளலாம். போய் இறங்கியதும் வீட்டுக்கு முன்பணம் கொடுக்கவேண்டும். சட்டப்படி அது மூன்று மாத அடிப்படை வாடகை வரை போகலாம். முடக்கப்பட்ட கணக்கிலிருந்து முதல் மாதப் பணம் வர, அங்கே வங்கிக் கணக்கு திறக்கவேண்டும், முகவரிப் பதிவு முடியவேண்டும். அந்த இடைவெளிக்கு 1,500 முதல் 2,000 யூரோ வரை தனியாகக் கையில் வைத்திருங்கள்.

பகுதிநேர வேலையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். சட்டப்படி ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வேலை பார்க்கலாம் என்பது சரிதான். ஆனால் வாடகை குறைந்த ஊர்களில் வேலையும் குறைவு, கிடைப்பவற்றில் பலவற்றுக்கு ஜெர்மன் மொழி வேண்டும், முதல் பருவத் தேர்வுகளும் கடினமானவை. கிடைத்தால் நல்லது என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள். கடன் தவணையை அதை நம்பித் திட்டமிடவேண்டாம்.

கல்விக் கடன் வாங்குபவர்களுக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. வங்கியில் முதலில் கேட்பது கல்லூரியின் கட்டண விவரத்தை. கல்விக் கட்டணமே இல்லாத படிப்புக்கு வாழ்க்கைச் செலவுக்காகக் கடன் என்றால், கிளையில் இருப்பவர் தயங்குவார். சேர்க்கைக் கடிதத்தோடு, முடக்கப்பட்ட கணக்கு கட்டாயம் என்று கூறும் ஜெர்மன் தூதரகத்தின் அறிவிப்பையும் அச்செடுத்துக் கொண்டுபோனால் பேச்சு எளிதாகும். வெளிநாட்டுக் கல்விக் கடன்களை வழக்கமாகக் கையாளும் பெரிய கிளைக்குப் போவது இன்னும் நல்லது. வங்கிகள் பொதுவாகப் பின்பற்றும் மாதிரித் திட்டத்தில் 7.5 லட்சம் ரூபாய்க்கு மேல் சொத்து ஈடு கேட்பார்கள். பத்திரம் யார் பெயரில் இருக்கிறது, வில்லங்கச் சான்றிதழ் சரியாக இருக்கிறதா, மூலப் பத்திரம் கையில் இருக்கிறதா என்பதையெல்லாம் சேர்க்கைக் கடிதம் வருவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். கடன் தாமதமாவது பெரும்பாலும் இந்தச் சொத்து ஆவணங்களில்தான். படிக்கும் காலத்திலும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும் என்பதையும் பெற்றோர் அறிந்திருக்கவேண்டும். சொந்தப் பணத்தை அனுப்புபவர்களுக்கு, ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு, அனுப்பும்போதே வங்கி வசூலிக்கும் டி.சி.எஸ். வரி பிடிக்கப்படும். வருமான வரிக் கணக்குத் தாக்கலில் அதைச் சரிசெய்துகொள்ளலாம் என்றாலும் அனுப்பும் நாளில் அந்தப் பணமும் கையில் இருக்கவேண்டும். நிதியாண்டின் இரு பக்கமுமாகப் பிரித்து அனுப்பவும், தாய் தந்தை இருவர் கணக்கிலிருந்தும் அனுப்பவும் முடியுமா என்று உங்கள் கணக்காளரிடம் கேளுங்கள்.

உதவித்தொகைகளில், ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கான தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வி உதவித்தொகையையும், பட்டியல் சாதி மாணவர்கள் உள்ளிட்டோருக்கான மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையையும் தகுதி உள்ளவர்கள் முதலில் பார்க்கவேண்டும். இரண்டும் குடும்ப வருமானத்தைக் கணக்கில் எடுப்பவை, ஆகவே வருமானச் சான்றிதழைத் தாலுகா அலுவலகத்தில் காலத்தோடு வாங்கிவையுங்கள். ஜெர்மனியில் சேர்ந்தபின் விண்ணப்பிக்கக்கூடிய ‘டாய்ச்லாண்ட்ஸ்டிப்பெண்டியம்’ மாதம் 300 யூரோ தருகிறது. அதைப் பெறுவோர் மிகச் சிலர்.

4. இப்போது பட்டியல் போடுங்கள்

மூன்று கழித்தல்களும் முடிந்தபின், ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி.யின் சர்வதேசப் படிப்புகள் தரவுத்தளத்தைத் திறங்கள். ஆங்கிலவழி, முதுநிலை, கட்டணம் இல்லாதவை என்று வடிகட்டிவிட்டு, கிடைக்கும் ஒவ்வொரு படிப்புக்கும் அந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்தப் பக்கத்துக்குப் போய்ச் சேர்க்கை விதிகளைப் படியுங்கள். தரவுத்தளத்தில் உள்ள சுருக்கம் போதாது. விதிகள் பல இடங்களில் ஜெர்மன் மொழியில் மட்டும் இருக்கும். மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டாவது முழுவதையும் படியுங்கள். ஒரு தாளில் படிப்பின் பெயர், மதிப்பெண் எல்லை, கேட்கும் இ.சி.டி.எஸ்., ஆங்கிலத் தேர்வு மதிப்பெண், கடைசித் தேதி, விண்ணப்பிக்கும் வழி, ஊர் வாடகை ஆகியவற்றை எழுதிக்கொண்டே வாருங்கள்.

பல்கலைக்கழகங்களோடு, ‘ஹோக்‌ஷூலே’ எனப்படும் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம்மவர்கள் பெயரைப் பார்த்து இவற்றை ஒதுக்கிவிடுகிறார்கள். ஆராய்ச்சியும் முனைவர் பட்டமும் நோக்கமாக உள்ளவர்களுக்குப் பல்கலைக்கழகமே சரி. தொழிற்சாலை வேலை நோக்கமாக உள்ளவர்களுக்கு, நிறுவனங்களோடு நெருங்கிய தொடர்பு வைத்திருக்கும் ஹோக்‌ஷூலே எந்த விதத்திலும் தாழ்ந்ததல்ல என்பது என் கருத்து.

ஏழெட்டுப் படிப்புகள் போதும். அவற்றில் இரண்டு, எல்லையை நீங்கள் தாண்டினாலும் போட்டியால் இடம் உறுதியில்லாதவையாக இருக்கலாம். குறைந்தது மூன்று, எல்லா எல்லைகளையும் நீங்கள் தாராளமாகத் தாண்டுபவையாக இருக்கவேண்டும். எல்லாவற்றையும் ஆஹன், மியூனிக், பெர்லின் என்றே நிரப்பிவிட்டு ஒன்றும் கிடைக்காமல் ஓர் ஆண்டை இழப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

ஏஜென்ட் அல்லது கன்சல்டன்சி வழியாகப் போகிறவர்கள் ஒன்றை மனத்தில் வையுங்கள். தனியார் பல்கலைக்கழகங்கள் ஏஜென்டுகளுக்குக் கமிஷன் தருகின்றன. அரசுப் பல்கலைக்கழகங்கள் பொதுவாகத் தருவதில்லை. எங்களுக்கு வந்த ஒரு பட்டியலில் பாதிக்குமேல் தனியாராக இருந்ததன் காரணம் எங்களுக்குப் பின்னால்தான் புரிந்தது. தனியார் பல்கலைக்கழகம் என்றாலே மோசடி என்று நான் சொல்லவில்லை. அரசு அங்கீகாரம் பெற்றவை பல உண்டு. ஆனால் கட்டணம் ஆண்டுக்குப் பத்தாயிரம் யூரோவைத் தாண்டிப் போகும். கட்டணமில்லாப் படிப்புக்காக ஜெர்மனியைத் தேர்ந்தெடுத்த குடும்பம் அங்கே போய் நிற்பதில் பொருளில்லை. ஏஜென்ட் பட்டியல் தந்தால் ஒவ்வொரு பெயருக்கும் நேரே ‘அரசா, தனியாரா’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். விண்ணப்பத்தில் உங்கள் சொந்த மின்னஞ்சலும் கடவுச்சொல்லும்தான் இருக்கவேண்டும் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

5. ஆவணங்களைச் சேர்க்கத் தொடங்குங்கள்

பெயரிலிருந்து தொடங்குங்கள். நம் மதிப்பெண் பட்டியல்களில் பெயருக்குப் பக்கத்தில் இனிஷியல் மட்டும் இருக்கும். பாஸ்போர்ட்டில் அது தந்தையின் முழுப் பெயராக விரிந்து, குடும்பப்பெயருக்கான கட்டத்தில் இருக்கும். தமிழ்நாட்டுக்கு வெளியே இருப்பவருக்கு இவை இரண்டு பெயர்கள். பாஸ்போர்ட்டில் உள்ள வடிவத்தையே ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு, கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ், பல்கலைக்கழக விண்ணப்பங்கள், முடக்கப்பட்ட கணக்கு ஆகிய எல்லாவற்றிலும் எழுத்துப் பிசகாமல் பயன்படுத்துங்கள். இனிஷியல் எதைக் குறிக்கிறது என்று நோட்டரி வழக்கறிஞரிடம் ஓர் உறுதிமொழிப் பத்திரம் ஆங்கிலத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டிலேயே எழுத்துப் பிழை இருந்தால், வேறு எதையும் தொடங்குவதற்கு முன் அதைத் திருத்துங்கள்.

அடுத்தது ஏ.பி.எஸ். சான்றிதழ். இந்திய மாணவர்களின் கல்விச் சான்றுகளை ஜெர்மன் தரப்பு சரிபார்த்துத் தரும் இந்தச் சான்றிதழ் 2022 நவம்பர் 1 முதல் மாணவர் விசாவுக்குக் கட்டாயம். பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்தோடேயே கேட்கின்றன. கட்டணம் 18,000 ரூபாய். இணையத்தில் பதிவு செய்து பணம் கட்டி, கேட்கப்படும் ஆவணங்களைப் புதுடெல்லிக்கு அனுப்பவேண்டும். சான்றிதழ் மின்வடிவில் வரும். சில வாரங்களில் வந்துவிட்டதாகச் சொல்பவர்களும் உண்டு. மாதக்கணக்கில் காத்திருந்தவர்களும் உண்டு. மூன்று மாதம் என்று வைத்துத் திட்டமிடுங்கள். எந்தப் பல்கலைக்கழகம் என்று முடிவாகும்வரை இதற்குக் காத்திருக்கத் தேவையில்லை. ஒரே சான்றிதழ் எல்லா விண்ணப்பங்களுக்கும் பயன்படும்.

எல்லாப் பருவ மதிப்பெண்களையும் தொகுத்துத் தரும் டிரான்ஸ்கிரிப்ட்டைப் பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் விண்ணப்பித்து வாங்கவேண்டும். பண்டிகை விடுமுறை, தேர்வு முடிவுகள் வெளியாகும் வாரம் போன்ற சமயங்களில் இது இழுக்கும். கூடுதல் பிரதிகளை ஒரே தடவையில் கேட்டு வாங்கிவிடுங்கள். பட்டமளிப்பு இன்னும் நடக்கவில்லையென்றால் தற்காலிகச் சான்றிதழும் ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியலும் வேண்டும்.

ஆங்கிலத்துக்கு ஐ.இ.எல்.டி.எஸ். 6.5 இருந்தால் பெரும்பாலான கதவுகள் திறக்கும். கட்டணம் 17,000 ரூபாயை ஒட்டியும் அதற்கு மேலும் வருகிறது, இரண்டாண்டு செல்லுபடியாகும். ஆங்கிலவழியில் படித்ததாகக் கல்லூரி தரும் சான்று சில இடங்களில் ஏற்கப்பட்டாலும், அதை மட்டும் நம்பினால் பட்டியல் சுருங்கிவிடும். ஆஹன் போன்ற சில இடங்களில், சில படிப்புகளுக்கு ஜி.ஆர்.இ. கேட்கிறார்கள். அந்தத் தேர்வு எழுதப்போவதில்லை என்றால் அவற்றை இப்போதே அடித்துவிடலாம்.

ஜெர்மன் மொழி ஆங்கிலவழிப் படிப்புகளுக்குக் கட்டாயம் இல்லாவிட்டாலும், சில படிப்புகள் மொழியின் தொடக்க நிலைகளான ஏ1 அல்லது ஏ2-ஐக் கேட்கின்றன. காத்திருக்கும் மாதங்களில் ஏ2 வரை முடித்துவிடுவது, பிற்பாடு வேலை தேடும்போது பெரிய வித்தியாசத்தைத் தரும். சென்னை நுங்கம்பாக்கத்தில் கோத்தே நிறுவனத்தின் மாக்ஸ் முல்லர் பவன் இருக்கிறது. வகுப்புகளில் இடம் விரைவில் நிரம்பிவிடும்.

6. விண்ணப்பியுங்கள்

சில பல்கலைக்கழகங்கள் தங்கள் இணையதளத்திலேயே விண்ணப்பம் வாங்குகின்றன. பல, ‘யூனி-அசிஸ்ட்’ என்ற பொது அமைப்பு வழியாக வாங்குகின்றன. அங்கே ஒரு பருவத்துக்கு முதல் விண்ணப்பம் 75 யூரோ. அதன்பின் ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. ஏழு விண்ணப்பங்களும் அவ்வழியே என்றால் 255 யூரோ. பணம் போய்ச் சேர்ந்த பிறகுதான் கோப்பைத் தொடுவார்கள், அதன்பின் சரிபார்க்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஆவணக் குறைபாடு என்று அவர்கள் சொல்வது கடைசித் தேதிக்குப் பின் வந்தால் உங்களால் ஒன்றும் செய்யமுடியாது. ஆகவே கடைசித் தேதிக்கு எட்டு வாரம் முன்பே அனுப்புங்கள்.

வேறு சில, ‘வி.பி.டி.’ என்ற முன்சரிபார்ப்புச் சான்றை யூனி-அசிஸ்ட்டிடம் வாங்கி, அதைத் தங்கள் தளத்தில் பதிவேற்றச் சொல்கின்றன. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அந்த வகை. வி.பி.டி.க்கு விண்ணப்பித்துவிட்டு, பல்கலைக்கழகத்துக்கே விண்ணப்பித்துவிட்டதாக நினைத்துச் சும்மா இருந்துவிடுபவர்கள் உண்டு. இவை இரண்டு தனித்தனி வேலைகள்.

7. நாட்காட்டியில் வைத்துப் பாருங்கள்

குளிர்காலப் பருவம் அக்டோபரில் தொடங்குகிறது. பெரும்பாலான படிப்புகள் அப்போது மட்டுமே ஆள் சேர்க்கின்றன. ஏப்ரலில் தொடங்கும் கோடைப் பருவத்தில் சேர்க்கை உள்ள படிப்புகள் குறைவு; அவற்றுக்கான கடைசித் தேதி பொதுவாக ஜனவரி 15. குளிர்காலத்துக்கு மார்ச் தொடக்கத்திலேயே மூடிவிடுபவையும், மே 31 வரை வாங்குபவையும், ஜூலை 15 வரை திறந்திருப்பவையும் உண்டு.

இதில் ஜூலை 15 என்ற தேதி இந்தியாவில் இருப்பவருக்கு ஒரு மாயை. ஜூலையில் விண்ணப்பித்தால் முடிவு வர ஆகஸ்ட், செப்டம்பர் ஆகிவிடும்; அதன்பின் பணம் அனுப்பி, விசாவுக்கு நேரம் வாங்கி, சில வாரங்கள் முதல் மூன்று மாதம் வரை காத்திருந்தால், வகுப்புகள் பாதி முடிந்திருக்கும். ஏப்ரல், மே மாதங்களுக்குள் விண்ணப்பித்து ஜூலைக்குள் முடிவு தெரியும் படிப்புகளை மட்டுமே அந்த ஆண்டு அக்டோபருக்கானவையாக எண்ணுங்கள்.

ஏ.பி.எஸ்., ஐ.இ.எல்.டி.எஸ்., டிரான்ஸ்கிரிப்ட் மூன்றும் முந்தைய டிசம்பருக்குள் கையில் இருந்தால் இந்தக் கால அளவு சுகமாக இருக்கும். இறுதியாண்டு முடிக்கும் கோடையிலேயே விமானம் ஏறவேண்டும் என்ற அவசரம்தான் பலரைத் தனியார் பல்கலைக்கழகங்களின் பக்கம் தள்ளுகிறது. பட்டம் கையில் வந்தபின் ஓராண்டு வேலை பார்த்துக்கொண்டே விண்ணப்பிப்பதில் எந்த இழப்பும் இல்லை; கடன் தொகை கொஞ்சம் குறையும், ஜெர்மன் மொழிக்கும் நேரம் கிடைக்கும்.

8. விசாவும் புறப்பாடும்

சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே இரண்டு வேலைகளைத் தொடங்குங்கள். ஒன்று, அந்த ஊரின் ‘ஸ்டூடியெரெண்டன்வெர்க்’ நடத்தும் மாணவர் விடுதிக்கு விண்ணப்பிப்பது. காத்திருப்போர் வரிசை நீளமானது. தனியார் அறை தேடும்போது, ஒப்பந்தமும் இல்லாமல் யாரும் நேரில் பார்க்காமலும் முன்பணம் அனுப்பச் சொன்னால் அது ஏமாற்று என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, முடக்கப்பட்ட கணக்கைத் திறப்பது. ஃபின்டிபா, எக்ஸ்பாட்ரியோ போன்ற நிறுவனங்கள் இதைச் செய்கின்றன. தொடக்கக் கட்டணமும் மாதக் கட்டணமும் உண்டு. இடையில் உள்ள வங்கிகள் தங்கள் பங்கைப் பிடித்துக்கொள்வதால், கேட்ட தொகையை அப்படியே அனுப்பினால் சில யூரோ குறைந்து போய்ச்சேரும், உறுதிக் கடிதம் வராது. 50 முதல் 100 யூரோ வரை கூடுதலாக அனுப்புங்கள். மிச்சம் உங்களுக்கே வரும்.

விசா விண்ணப்பத்துக்குக் கட்டணம் 75 யூரோவுக்கு இணையான ரூபாய், விசா விண்ணப்பங்களை வாங்கும் வி.எஃப்.எஸ். மையத்தின் சேவைக் கட்டணம் தனி. சேர்க்கைக் கடிதம், ஏ.பி.எஸ்., முடக்கப்பட்ட கணக்கின் உறுதிக் கடிதம், மருத்துவக் காப்பீடு, கல்விச் சான்றுகள், மொழிச் சான்று, தன்விவரம், ஏன் இந்தப் படிப்பு என்று விளக்கும் கடிதம் ஆகியவை முதன்மையானவை. அந்த விளக்கக் கடிதத்தை வேறொருவரிடமிருந்து நகலெடுக்காதீர்கள். படிப்பில் இடைவெளி இருந்தால் அந்த மாதங்களில் என்ன செய்தீர்கள் என்று நேராக எழுதுங்கள். பொய்யான பணி அனுபவச் சான்று ஒன்று பிடிபட்டால் மற்ற உண்மையான சான்றுகளும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

விசா மறுக்கப்பட்டால் முன்பு தூதரகத்திலேயே மறுபரிசீலனை கேட்கும் வழி இருந்தது. 2025 ஜூலை 1 முதல் அது நீக்கப்பட்டுவிட்டது. குறையைச் சரிசெய்து புதிதாக விண்ணப்பிக்கலாம், அல்லது பெர்லினில் வழக்குத் தொடுக்கலாம். மாணவர்களுக்கு முதல் வழியே நடைமுறைக்கு ஏற்றது. விசா தாமதமானால், பதிவுக்கான கடைசி நாளை நீட்டித் தரமுடியுமா என்று பல்கலைக்கழகத்தின் சர்வதேச அலுவலகத்துக்கு உடனே எழுதுங்கள். சில வாரங்கள் தருபவர்கள் உண்டு. தராவிட்டால், பெரும்பாலான இடங்களில் சேர்க்கை அடுத்த பருவத்துக்குத் தானாக நகராது, மறுபடியும் விண்ணப்பிக்கவேண்டும். ஏ.பி.எஸ். சான்றிதழும், இரண்டாண்டுக்கு உட்பட்ட ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண்ணும் அப்போதும் செல்லும். முடக்கப்பட்ட கணக்கில் உள்ள பணத்தை, மறுப்புக் கடிதத்தைக் காட்டி மீட்டுக்கொள்ளலாம். புதிதாக ஆகும் செலவு விண்ணப்பக் கட்டணமும் விசாக் கட்டணமும்தான்.